டிபி மாத்திரை பாதியில். இப்போது க்ரோன்ஸ் என்கிறார்கள்

கேள்வி: டாக்டர் சார், எனக்கு 29 வயது. டோம்பிவிலியில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். வேலை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். ஒரு வருடத்துக்கு மேலாக லூஸ் மோஷன், வலது பக்க அடிவயிற்றில் வலி. முதலில் ஐபிஎஸ் (புண்ணோ அழற்சியோ இல்லாத குடல் கோளாறு), டென்ஷன் என்றார்கள். 68 கிலோ இருந்தவன் 57-க்கு இறங்கிய பிறகுதான் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். சிறுகுடல் முடியும் இடத்தில் புண்கள் இருந்தன. பயாப்சியில் கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்று வந்தது. டிபி கிருமி கிடைக்கவில்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை நெகட்டிவ், நெஞ்சு எக்ஸ்ரே நார்மல். இருந்தாலும் டிபி மருந்து ஆரம்பித்தார்கள். பதினோரு வாரம் ஆகிறது. முதல் மாதம் நன்றாக இருந்தது, இரண்டு கிலோ ஏறினேன். இப்போது சாப்பிட்ட அரை மணியில் வயிற்றை முறுக்குகிறது. வேறு டாக்டரிடம் போனால், "இது டிபியே இல்லை, க்ரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி. இன்றே ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம்" என்கிறார். பெரியப்பா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கேரளாவுக்குப் போய்க் கஷாயம் சாப்பிடச் சொல்கிறார். இரண்டில் எது? பதினோரு வாரம் வீணா? க்ரோன்ஸ் என்றால் ஆயுள் முழுக்க மாத்திரையா? லோக்கல் ட்ரெயினில் ஏறவே பயமாக இருக்கிறது. வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது? (மூன்று வருடம் முன்பு ஆசனவாய் பக்கத்தில் கட்டி வந்து கீறி எடுத்தார்கள். பைல்ஸ் என்றார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.)

பதில்: தம்பி, கடிதம் முழுக்கப் படித்துவிட்டு நான் திரும்பிப் போனது அடைப்புக்குறிக்குள் நீங்கள் தள்ளிவைத்த அந்தக் கட்டிக்குத்தான். கீறி எடுத்தார்கள் என்றால் அது மூலமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. சீழ்க்கட்டியாக இருந்திருக்கும். மூலம் வேறு, சீழ்க்கட்டியும் அதைத் தொடர்ந்து குழாய் போலத் துளை விழும் பவுத்திரமும் வேறு. நம் ஊரில் அந்த இடத்தில் எது வந்தாலும் பைல்ஸ்தான்; வெட்கத்தில் நோயாளி விவரம் சொல்வதில்லை, அவசரத்தில் டாக்டரும் கேட்பதில்லை. க்ரோன்ஸ் உள்ளவர்களில் சிலருக்குக் குடலில் தொந்தரவு தெரியும் முன்பே ஆசனவாய் பக்கத்தில் கட்டி வரும். டிபியிலும் வரலாம், ஆனால் குறைவு. இதை உங்கள் இரண்டு டாக்டர்களிடமும் சொன்னீர்களா? கடிதத்தின் தொனியைப் பார்த்தால் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. அடுத்த முறை உள்ளே போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்தக் கீறலுக்கான பழைய டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

இதை வைத்து மட்டும் உங்களுக்கு க்ரோன்ஸ் என்று நான் முடிவு கட்ட முடியாது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. குடல் டிபியும் க்ரோன்ஸும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. இரண்டுக்கும் பிடித்த இடம் ஒன்று: சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற மூலை. இரண்டிலும் புண், இளைப்பு, ரத்தசோகை, இரண்டிலும் கிரானுலோமா. பாடப்புத்தகத்தைத் திறந்தால் டிபியில் புண் குறுக்காக இருக்கும், க்ரோன்ஸில் நீளவாக்கில் இருக்கும் என்று போட்டிருக்கும். டிபியின் கிரானுலோமா பெரிதாக, நடுவே தயிர்க்கட்டி போலச் சிதைந்து இருக்கும். க்ரோன்ஸில் சிறிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். கொலோனோஸ்கோப்பின் நுனியில் பார்க்கும்போது பாதிப் பேருக்குப் புண் குறுக்காகவும் இல்லாமல் நெடுக்காகவும் இல்லாமல் கோணல்மாணலாக உட்கார்ந்திருக்கும். பயாப்சியில் எடுப்பதோ அரிசிமணியைவிடச் சின்னத் துணுக்கு. குடல் திசுவில் டிபி கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாசிட்டிவ் என்றால்தான் அதற்கு மதிப்பு. நெஞ்சு எக்ஸ்ரேயும் அப்படியே. குடல் டிபி உள்ள பலருக்கு நுரையீரல் சுத்தமாகத்தான் இருக்கும்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 1932-ல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் எழுதிய கட்டுரைதான் இந்த நோய்க்குத் தனி அடையாளம் தந்தது. அதற்கு முன்பே 1913-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த டால்ஸியல் என்ற அறுவை மருத்துவர், பார்வைக்கு டிபி போலவே இருந்தும் டிபி அல்லாத ஒரு குடல் அழற்சியை விவரித்திருந்தார். மேலைநாடுகளில் அப்புறம் டிபி வெகுவாகக் குறைந்துவிட்டதால் அவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. உலகின் டிபி நோயாளிகளில் கால்வாசிப் பேர் இருக்கும் நாட்டில், அதுவும் மும்பையில் இருந்துகொண்டு, நமக்கு அந்தச் சவுகரியம் இல்லை.

ஆகவே பதினோரு வாரம் வீணா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. சந்தேகம் தீராதபோது டிபி மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது நம் நாட்டில் எல்லோரும் செய்வதுதான். காரணம் எளிது. க்ரோன்ஸுக்கு டிபி மருந்து கொடுத்தால் சில வாரம் போகும். டிபிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஆளே போய்விடலாம். கிருமி உடம்பு முழுக்கப் பரவும். உங்கள் முதல் டாக்டர் ஆரம்பித்ததில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்பித்த அன்றே காலண்டரில் இன்னொரு தேதியையும் குறித்திருக்க வேண்டும்: மறுபடி கொலோனோஸ்கோபி செய்யும் தேதி. இரண்டு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள். அந்த நேரத்துக்கு நீங்கள் வந்தேவிட்டீர்கள்.

ஏன் மறுபடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதாதா? போதாது. வயிறு சொல்வது ஒன்று, குடலில் இருப்பது வேறொன்று. க்ரோன்ஸ் நோயாளிகளிலும் கணிசமானவர்களுக்கு டிபி மருந்தில் முதல் ஒன்றிரண்டு மாதம் பசி எடுக்கும், எடை ஏறும், ஆனால் உள்ளே புண் அப்படியே இருக்கும். நீங்கள் ஏறிய இரண்டு கிலோவை வைத்து அது டிபிதான் என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். எதிர்ப்பக்கமும் உண்டு. டிபி புண் நன்றாக ஆறும்போது தழும்பு சுருங்கிக் குடலின் அந்த இடம் குறுகலாம். அப்போது சாப்பிட்ட அரை மணியில் வயிற்றை முறுக்கும், கடமுடவென்று ஓடும். நீங்கள் சொல்லும் அதே முறுக்கல். மருந்து தோற்றதால் வந்த வலியா, ஜெயித்ததால் வந்த வலியா என்பது வெளியிலிருந்து தெரியாது. இரண்டாவது டாக்டர் சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம். பார்க்காமல் சொல்லிவிட்டாரே என்பதுதான் என் சங்கடம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்யாணிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். உங்களுடையது மாதிரியே ரிப்போர்ட். டிபி மருந்து கொடுத்தேன், முகம் தெளிந்தது, எடை ஏறியது. அப்பா ரிக்‌ஷா ஓட்டுகிறவர்; எதற்கு இன்னொரு கொலோனோஸ்கோபி செலவு என்று விட்டுவிட்டேன். ஒன்பது மாதம் மருந்து முடித்து இனிப்புப் பெட்டியோடு வந்துவிட்டுப் போனாள். ஒன்றரை வருடம் கழித்துக் குடல் அடைத்து, இரவோடு இரவாக ஆபரேஷன். வெட்டி எடுத்த குடலைப் பரிசோதித்ததில் க்ரோன்ஸ். இப்போது அவள் நன்றாக இருக்கிறாள், ஒரு பள்ளியில் டீச்சர். ஆனால் நான் அன்று மிச்சப்படுத்திய செலவு அவளுக்கு ஒரு முழம் குடலாக ஆனது.

சரி, உங்களுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்? டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. மறு கொலோனோஸ்கோபியில் சிறுகுடலின் முனைக்குள்ளும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய படங்கள் சிடியிலோ பென் டிரைவிலோ இருந்தால் டாக்டரிடம் முதலில் கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் இந்தப் பரிசோதனையில் பாதிப் பயன் போய்விடும். அதோடு சிறுகுடலுக்கு எம்ஆர் என்டரோகிராஃபி என்ற ஸ்கேன். கதிர்வீச்சு இல்லாதது, குறுகல் இருக்கிறதா, எவ்வளவு நீளம் என்று காட்டும். அதே நாளில் இடுப்புக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் அந்தப் பழைய கட்டி பவுத்திரமாக உள்ளே ஓடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற சோதனையையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குடல் அழற்சியில் வெள்ளையணுக்கள் விட்டுச்செல்லும் புரதம் அது. 50-க்குக் கீழே இருந்தால் அழற்சி இல்லை எனலாம், 250-ஐத் தாண்டினால் அழற்சி இருக்கிறது. டிபியா க்ரோன்ஸா என்று அது சொல்லாது. ஆனால் ஒரு வருடம் முன்பு உங்களை ஐபிஎஸ் என்று அனுப்பியவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் பதினோரு கிலோ இளைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்காது. ஐபிஎஸ்ஸும் ஐபிடியும் (க்ரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய்) பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஐபிஎஸ்ஸில் குடலில் புண் இருக்காது, எடை குறையாது, தூக்கத்திலிருந்து எழுப்பி டாய்லெட்டுக்கு ஓட வைக்காது.

உள்ளே பார்க்கும்போது புண் ஆறியிருந்தால் அது டிபி. மொத்தம் ஆறு மாத மருந்தை முடியுங்கள், அதற்குப் பிறகு பெரும்பாலும் கதை முடிந்தது. குறுகல் இருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம். புண் அப்படியே இருந்தாலோ புதிதாக வந்திருந்தாலோ க்ரோன்ஸ் பக்கம் தராசு சாயும். ஆனால் மும்பையில் இன்னொரு சந்தேகத்தையும் விடக் கூடாது: மருந்துக்குக் கட்டுப்படாத டிபி. இந்த ஊரில் அது அபூர்வம் இல்லை. அதனால் இந்த முறை எடுக்கும் திசுவில் ஒரு பகுதியை, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடாமல், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகும். டாக்டர் அவசரத்தில் மறக்கலாம். நீங்கள் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஸ்டீராய்டை இன்றே ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வாரம் பொறுத்து, பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பு. அப்போது என் பதிலை எடுத்துப் படித்துக்கொண்டிருக்காமல் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். காய்ச்சலோடு வலி ஏறினாலும் அப்படித்தான்.

பெரியப்பாவின் கஷாயத்துக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். டிபி மருந்தில் மூன்று, ஈரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை. அதன் மேல் என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டிலைக் கொட்டினால், மஞ்சள் காமாலை வந்தபின் எதை நிறுத்துவது என்று எனக்கே தெரியாது. டிபி மருந்து முடியும் வரையாவது வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பெரியவர்களை நேரடியாக மறுக்க முடியாதென்றால் டாக்டர் தலையில் பழியைப் போடுங்கள், அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

க்ரோன்ஸ்தான் என்று உறுதியானால்? குடல் அழற்சி நோய் என்ற குடைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலோடு நின்றுவிடும். க்ரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும். அதனால் கொலைட்டிஸில் நன்றாக வேலை செய்யும் மெசலமைன் மாத்திரை உங்களுக்குப் பெரிதாக உதவாது. யாராவது அதை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் கேள்வி கேளுங்கள். ஸ்டீராய்டு தீயை அணைக்கத்தான், வீட்டைக் காக்க அல்ல. எட்டு வாரம், பத்து வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, முகம் உப்பி, எலும்பு தேய்ந்து வருகிறவர்களை மாதம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

நீண்ட நாளைக்கு நோயை அடக்கிவைக்க அசாதயோப்ரின் மாத்திரை உண்டு, ஊசி மருந்துகளான இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற பயாலஜிக்குகள் (உயிரணுக்களில் தயாரிக்கும் மருந்துகள்) உண்டு. அசாதயோப்ரின் முழுப் பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். நம் நாட்டவர்களில் சிலருக்கு என்யுடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அவர்களுக்கு இந்த மாத்திரையால் வெள்ளையணு சரிந்து முடி கொத்தாகக் கொட்டும். ஆரம்பிக்கும் முன்பே அதற்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். செய்தாலும் செய்யாவிட்டாலும் முதல் சில வாரம் அடிக்கடி ரத்த எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும். பவுத்திரம் இருந்தால் நான் மாத்திரையோடு நேரம் கடத்தாமல் ஊசிக்கே போய்விடுவேன். விலை பயமுறுத்தும்தான், ஆனால் முன்பு மாதிரி இல்லை. அடாலிமுமாப்பின் முதல் மாற்றுத் தயாரிப்பு 2014-ல் வந்ததே நம் நாட்டில்தான். இப்போது பல இந்தியக் கம்பெனிகள் செய்கின்றன. ஊசிக்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். உறங்கும் டிபி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நீங்கள் டிபி மருந்தே சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதால் அந்தப் பதினோரு வாரம் அங்கேயும் கணக்கில் வரும்.

ஆயுள் முழுக்கவா என்றால், நோய் ஆயுள் முழுக்க இருக்கும். மருந்து எவ்வளவு, எத்தனை நாள் என்பது மாறும். இங்கேயும் முன்பு சொன்னதேதான்: நன்றாக இருக்கிறேன் என்று நீங்களே நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் கழித்தோ ஒரு வருடம் கழித்தோ உள்ளே பார்த்து, புண் ஆறியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் கூட்டுவதும் குறைப்பதும். நோய் அந்த மூலையில் சிறு நீளத்துக்கு மட்டும் இருந்தால், லேப்ராஸ்கோபியில் அந்தத் துண்டை எடுத்துவிடுவதும் நல்ல வழி. ஆபரேஷன் என்றால் தோல்வி என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. எல்லா நேரமும் அப்படியில்லை. சிகரெட் பிடிப்பீர்களா என்று எழுதவில்லை. பிடித்தால் நிறுத்துங்கள், க்ரோன்ஸை அது போல வளர்க்கும் பொருள் வேறில்லை. தலைவலி, முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

சாப்பாட்டில் காரம்தான் காரணம் என்று அம்மா இந்நேரம் மிளகாய் டப்பாவை ஒளித்துவைத்திருப்பார். காரத்தால் இந்த நோய் வருவதில்லை. ரசம் சாதம், இட்லி, தயிர்சாதம், மீன் குழம்பு எல்லாம் ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம். குறுகல் இருக்கிறதா என்று தெரியும் வரை வாழைத்தண்டு, முருங்கைக்காய் நார், கொய்யா விதை, பச்சைக் காய்கறி சாலட் இவற்றை மட்டும் ஒதுக்குங்கள். நார் குறுகலில் போய்ச் சிக்கும். சிறுகுடல் முனை கெட்டால் பி12 சேராது, அதையும் இரும்புச்சத்தையும் வைட்டமின் டியையும் பார்த்துக் குறைந்திருந்தால் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

லோக்கல் ட்ரெயின் பயம் எனக்குப் புரிகிறது. எந்த லோக்கலிலும் டாய்லெட் கிடையாது. டோம்பிவிலியில் ஏறிவிட்டால் கூட்டத்தில் நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. என்னிடம் வரும் ஒருவர் ஃபாஸ்ட் வண்டியை விட்டுவிட்டு ஸ்லோவில் வருவார். இருபது நிமிடம் கூட ஆகும், ஆனால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்டேஷன், எந்த ஸ்டேஷனில் எந்தப் பிளாட்பாரத்தில் டாய்லெட் என்று அவருக்கு மனப்பாடம். பையில் மாற்றுத்துணி ஒன்று வைத்திருக்கிறார், ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை, ஆனால் அது இருப்பதால்தான் வண்டி ஏற முடிகிறது என்பார். காலை உணவை ஆபீஸ் போய்ச் சாப்பிடுவதும் உதவும். மோஷனை நிறுத்தும் மாத்திரையைக் குறுகல் சந்தேகம் தீரும் வரை தொடாதீர்கள். மேனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "குடல் சிகிச்சையில் இருக்கிறார், மூன்று மாதம் நேரத்தில் தளர்வு தேவை" என்று டாக்டரிடம் இரண்டு வரி வாங்கிக் கொடுங்கள். ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ் பழைய நோய்க்கும் பணம் தருகிறதா என்று பாருங்கள். தனியாக எடுத்தால் நோயை மறைக்காதீர்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024 விதிப்படி அதிகபட்சம் மூன்று வருடம்தான்.

பெண் பார்ப்பதை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள், என்ன நோய் என்றே தெரியாமல் யாரிடம் எதைச் சொல்வது? தெரிந்த பிறகு, நிச்சயத்துக்கு முன், அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தரகர் வழியாகவோ மாமா வழியாகவோ போனால் "குடல் நோய்" என்பது மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் போவதற்குள் கேன்சராகிவிடும். க்ரோன்ஸ் தொற்றாது. குழந்தை பெற்றுக்கொள்ளத் தடை இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் சில. சில மருந்துகளை மட்டும் அதற்கு முன் மாற்ற வேண்டியிருக்கும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். டிபி என்றாலும், நுரையீரல் சுத்தமாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் ஒட்டாது.

கடைசியாக ஒன்று. கொலோனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யும் மருந்துத் தண்ணீரைப் பாதி முதல்நாள் மாலையிலும் மீதியை அன்று விடிகாலையிலும் குடிக்கச் சொல்வார்கள். அப்படிக் குடித்தால்தான் குடல் தெளிவாகத் தெரியும். குறுகல் சந்தேகம் இருப்பதால் வயிறு வீங்கினாலோ வாந்தி வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். விடிகாலையில் அதைக் குடித்துவிட்டு டோம்பிவிலியிலிருந்து லோக்கலில் வர முடியாது. அன்று இரவு சயானிலோ செம்பூரிலோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். ஒரே டாய்லெட் உள்ள வீடாக இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.